நாவை மரக்கச் செய்யும் நகரம்

நம் நாட்டு உணவகங்களில் ‘செஷ்வான்’ என்ற பெயருடன் வரும் உணவில் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாராளமாக இருக்கும். ஆனால் அப்பெயருக்குரிய சிச்சுவான் மாகாணத்துச் சமையலின் உயிர்நாடியான பொருள் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைச் சுவைத்தறிய விரும்புவோர் தென்மேற்குச் சீனத்தில் உள்ள அம்மாகாணத்தின் தலைநகரான செங்டுவுக்குச் செல்லலாம். உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நகரம் அது.

அப்பொருளின் பெயர் ஹுவாஜியாவோ. ‘பூமிளகு’ எனப் பொருள் கொள்ளலாம். எனினும் அது மிளகுக்கொடிக்கு உறவன்று. எலுமிச்சைக் குடும்பத்து முள்மரம் ஒன்றின் காய். விதையை நீக்கிவிட்டு மேல்தோலையே சமையலில் சேர்ப்பர். கொங்கண் கடற்கரையில் மீன்குழம்புக்கு மணமூட்டும் தெப்பள் இதற்கு நெருங்கிய உறவு. ஒன்றை எடுத்து மென்றால் முதலில் எலுமிச்சைத் தோலின் மணம் எழும். சற்று நேரத்தில் உதடும் நாவும் மெல்ல அதிர்ந்து மரத்துப்போகும். இதிலுள்ள சான்ஷூல் என்னும் வேதிப்பொருள் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுவதே காரணம். லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை நிகழ்கிறது. ஆகவே இது சுவை என்பதைவிடத் தொடுகை என்பதே பொருந்தும்.

இந்த மரப்பைச் சீனர் ‘மா’ என்பர்; மிளகாயின் காரம் ‘லா’. இரண்டும் இணைந்ததே புகழ்பெற்ற ‘மாலா’. மிளகாய் நமக்கு வந்ததைப் போலவே அங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. பூமிளகோ அதற்கு நெடுங்காலம் முன்பே அம்மண்ணில் வேரூன்றியது.

மாலாவை அறிய மாப்போ தோஃபு என்னும் சோயாக்கட்டிக் குழம்பே நல்ல தொடக்கம். அதற்குச் செந்நிறமும் ஆழமும் தருவது, செங்டுவை அடுத்த பீசியனில் உருவாகும் தோபான்ஜியாங். மொச்சை போன்ற அகன்ற அவரையையும் மிளகாயையும் உப்பிட்டு, மண்தாழிகளில் வெயிலிலும் பனியிலும் நெடுநாள் புளிக்கவைத்து, அவ்வப்போது கிளறி எடுக்கும் விழுது அது. ஊறுகாய்ச் சாடியை வெயிலில் வைத்தெடுத்துப் பழகிய நமக்கு அம்முற்றங்கள் அந்நியமாகத் தோன்றா.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சோயாக்கட்டி என்றதும் சைவம் எனக் கருதிவிட வேண்டாம். மாப்போ தோஃபுவில் மரபாகவே கொத்திய மாட்டிறைச்சி சேரும். மேசை நடுவே கொதிக்கும் ஹாட்பாட் சாற்றிலும் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு உருகியிருக்கும். காய்கறிகளை மட்டும் அதில் இட்டாலும் பயனில்லை. தவிர்க்கும் பொருள்களைச் சீன எழுத்தில் எழுதிய சீட்டொன்றை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நகரின் நடுவே உள்ள வென்ஷு பௌத்த மடத்தின் சைவ உணவகம் மனநிம்மதியுடன் உண்ண ஏற்ற இடம். காரம் அஞ்சுவோர் ‘வெய்லா’ என்றால் ‘சிறிதளவு காரம்’ எனப் புரிந்துகொள்வர். ஆயினும் அவர்களின் சிறிதளவு நம்முடையதன்று. தண்ணீர் அந்த எரிச்சலைத் தணிக்காது. வெறும் சோறே துணை.

தெருக்கடையில்கூடப் பெரும்பாலோர் கைப்பேசியில் க்யூஆர் குறியீட்டை வருடியே பணம் செலுத்துகின்றனர். அலிபே, வீசாட் செயலிகளில் வெளிநாட்டினரும் தம் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைக்கலாம். கடவுச்சீட்டு விவரங்களுடன் புறப்படுமுன்பே பதிவதே நன்று. ரிசர்வ் வங்கி விதிகளின்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயக்கப்பட்டு வருவதால், வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை நீங்களே வங்கிச் செயலியிலோ கிளையிலோ இயக்கி, வரம்பையும் அமைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துபோகும் வேளைக்கெனச் சில யுவான் நோட்டுகளும் பையில் இருக்கட்டும்.