கார் இன்ஜினில் வேற வேற கிரேடு ஆயிலை கலந்து ஊற்றலாமா? லாரி ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்? முழு விளக்கம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் வேண்டுமென்றால் பெரும்பாலும் அலைய வேண்டியதில்லை. லாரி, கேஸ் டேங்கர், போர்வெல் போடும் ரிக் வண்டி என்று டீசல் இன்ஜின்களை நம்பியே பல குடும்பங்கள் பிழைக்கும் ஊர்கள் இவை. ஹைவே ஓரத்தில் ஏதாவது ஒரு பட்டறையில் ஒரு பக்கெட் ஆயில் திறந்தபடி இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த பக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் 15டபிள்யூ-40. நம்ம கார் மேனுவலில் 5டபிள்யூ-30 என்றோ, 0டபிள்யூ-20 என்றோ போட்டிருக்கும். "இதுதானுங்க இருக்குது, அரை லிட்டர் ஊத்திரட்டுங்களா?" என்று மெக்கானிக் கேட்கும்போது என்ன சொல்வது? ஊற்றினால் இன்ஜின் போய்விடும் என்கிறார் ஒருவர். "எங்க லாரி பத்து வருஷமா அதுலதான் ஓடுது" என்கிறார் இன்னொருவர்.

சுருக்கமான பதில் இதுதான்: ஆயில் அளவு மினிமம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் தாராளமாக ஊற்றலாம். இன்ஜின் போகாது. ஆனால் பிஎஸ்-6 டீசல் கார், டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் அதையே பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. அதற்குக் காரணம் 15, 40 என்ற எண்கள் இல்லை. கேனின் பின்பக்கம் சின்னதாக அச்சடித்திருக்கும் வேறு சில எழுத்துகள்.

5டபிள்யூ-30, 15டபிள்யூ-40: இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடும் குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டியாகிறது என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளகி ஓடும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் அளவுக்கு ஆயில் இளகலாக இருக்கிறதா என்பதை 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 20 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழி மாதம் ஏற்காட்டில் விடியற்காலை வண்டியை எடுத்தாலும் அந்தக் குளிர் பக்கத்தில்கூட வராது. அதனால் முன்னால் இருக்கும் எண்ணில் உள்ள வித்தியாசம் நம்ம ஊரில் ஒரு தடவை டாப்-அப் செய்வதற்குப் பெரிய விஷயம் இல்லை.

பின்னால் இருக்கும் 30, 40 என்பது இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது. 100 டிகிரி செல்சியஸில் அளப்பார்கள். அளவுக்கு சென்டிஸ்டோக் என்று பெயர். 9.3 முதல் 12.5 வரை இருந்தால் 30 கிரேடு. 12.5 முதல் 16.3 வரை இருந்தால் 40 கிரேடு.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் காரில் 11 சென்டிஸ்டோக் உள்ள 5டபிள்யூ-30 ஆயில் மூன்றரை லிட்டர் இருக்கிறது. அதில் 14.5 உள்ள 15டபிள்யூ-40 அரை லிட்டர் ஊற்றுகிறீர்கள். கலவை சுமார் 11.4-க்கு வரும். இன்னும் 30 கிரேடுக்குள்தான் நிற்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால்தான் 12.6 பக்கம் வந்து 40-ன் வாசற்படியைத் தொடும். ஆக, அரை லிட்டர் ஊற்றியதால் இன்ஜினுக்குள் ஆயில் திடீரென்று கூழாகிவிடாது.

0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்ற தண்ணீர் மாதிரி ஆயில் கேட்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மைலேஜ் லேசாகக் குறையலாம். ஆயில் அழுத்தத்தை நம்பி வேலை செய்யும் வால்வ் டைமிங் பாகங்கள் கொஞ்சம் மந்தமாக இயங்கலாம். வீடு போய்ச் சேருவதற்கு இது தடை இல்லை.

சிந்தடிக்கும் மினரலும் சேர்ந்தால் திரிந்து போகுமா?

பால் திரிவது போல ஆயில் திரிந்துவிடும் என்ற பயம் பல பேருக்கு உண்டு. இன்று கடையில் விற்கும் தரமான இன்ஜின் ஆயில்களில் அப்படி நடக்காது. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், அதாவது ஏபிஐ, தரச்சான்று கொடுப்பதற்கு முன் கேட்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. குறிப்பிட்ட மாதிரி ஆயில்களோடு கலந்து, சூடாக்கி, குளிர வைத்துப் பார்ப்பார்கள். பிரிந்து நிற்கக் கூடாது. கடையில் 'செமி சிந்தடிக்' என்று விற்பதே மினரலும் சிந்தடிக்கும் கலந்த கலவைதானே!

பழைய காலத்தில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. நம்ம ஆமணக்கெண்ணெய்தான் அதற்கு நல்ல உதாரணம். ஆத்தூர் பக்கம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரவள்ளி, ஆமணக்கு இரண்டுக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு சேலம் மாவட்டத்துக்கும் ஆமணக்குக்கும் தொடர்பு. முதல் உலகப்போர் விமானங்களின் சுழலும் இன்ஜின்களில் ஊற்றியது ஆமணக்கெண்ணெய். 1909-ல் வந்த காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதிலிருந்து பிறந்ததுதான். இந்த எண்ணெய் பெட்ரோலிய ஆயிலோடு சரியாகச் சேராது. அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்பது அந்தக் கால ரேஸ்காரர்களின் விதி. இன்றைய கேன்களுக்கு அந்த விதி பொருந்தாது.

கலப்பதால் நஷ்டம் வேறு விதத்தில் வரும். ஒரு கேன் ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, அழுக்கைக் கழுவ, தேய்மானத்தைத் தடுக்க, நுரை வராமல் பார்த்துக்கொள்ள என்று சேர்க்கும் ரசாயனங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் கலவையைத்தான் சோதித்துச் சான்று வாங்குகிறது. நீங்கள் கலந்த கலவையை யாரும் சோதிக்கவில்லை. விலை கூடுதலான ஆயிலில் மலிவான ஆயிலைக் கலந்தால், விலை கூடுதலான ஆயிலுக்குச் சொன்ன கிலோமீட்டர் கணக்கை நம்பி ஓட்ட முடியாது. அவ்வளவுதான்.

கலப்பதைவிட ஆபத்து, குறைவாக ஓட்டுவது

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20. வளைவில் திரும்பும்போது ஆயில் சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு சரியாக இருந்தால் ஆயில் பம்ப்பின் வாய் எப்போதும் மூழ்கியே இருக்கும். அளவு மிகவும் குறைந்திருந்தால் அந்த நொடியில் பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். கிராங்க் பேரிங்குக்கும் டர்போவுக்கும் அது தாங்காது. வேற கிரேடு ஆயில் இன்ஜினின் ஆயுளைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆயில் இல்லாத இன்ஜின் சில நிமிடங்களில் சிக்கிக்கொள்ளும்.

டிப்ஸ்டிக்கில் மினிமம் கோட்டுக்கும் மேக்ஸிமம் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதனால் முதலில் அரை லிட்டர் மட்டும் ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். மேக்ஸிமத்தைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

இன்னொரு விஷயம். டேஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு மாதிரி சிவப்பாக எரிவது ஆயில் அளவு காட்டும் விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று சொல்லும் விளக்கு. அது எரிந்தால் "அடுத்த பங்க் வரைக்கும் போயிரலாம்" என்ற பேச்சே கூடாது. ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

அப்படியானால் லாரி ஆயிலில் என்னதான் பிரச்னை?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களின் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து வைக்கும். ஓரளவு நிரம்பியதும் 600 டிகிரி சூட்டில் அதை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

கரித்தூள் எரிந்துவிடும். சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி இன்ஜின் ஆயிலில் இருந்துதான். ஆயிலில் சேர்க்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாக ரசாயனங்கள், ஆயில் துளித்துளியாக எரியும்போது சாம்பலாக மாறி வடிகட்டியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதனால்தான் டிபிஎஃப் உள்ள கார்களுக்குச் சாம்பல் குறைவான ஆயில் கேட்கிறார்கள். ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்களின் 'சி3' தர ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

லாரி பட்டறைகளில் பல காலமாகப் புழங்கும் 15டபிள்யூ-40 ஆயிலின் தரம் 'சிஐ-4' அல்லது 'சிஐ-4 பிளஸ்'. 2002 வாக்கில் வந்த தரம் இது. டிபிஎஃப்பை நினைத்துச் செய்ததல்ல. சாம்பல் பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 2016 டிசம்பரில் வந்த 'சிகே-4' தரத்தில் உச்சவரம்பு 1 சதவீதம். பிஎஸ்-6 லாரிகளிலும் டிபிஎஃப் வந்துவிட்டதால் இப்போது அதே பட்டறையில் இரண்டு பக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் பெரிய எழுத்தில் 15டபிள்யூ-40 என்றுதான் இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வேறு வழியில்லாமல் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் டீசல் காருக்கு சிகே-4 பக்கெட்டைக் கேளுங்கள்.

ஒரு தடவை ஊற்றியதற்குப் பதற வேண்டாம். 0.8 சதவீதச் சாம்பல் உள்ள நாலரை லிட்டரில் 1.4 சதவீதம் உள்ள அரை லிட்டரைக் கலந்தால் மொத்தம் 0.86 ஆகும். வடிகட்டி இதற்காக அடைத்துக்கொள்ளாது. "மாமா பட்டறையில சும்மா கிடைக்குது" என்று ஒவ்வொரு சர்வீஸுக்கும் நாலரை லிட்டரும் லாரி ஆயிலாகவே ஊற்றினால்தான் வம்பு. சாம்பல் சேரச் சேர வடிகட்டி சீக்கிரம் சீக்கிரம் எரித்துச் சுத்தம் செய்யப் பார்க்கும். கடைசியில் எதுவும் எரியாமல் வார்னிங் விளக்கு நின்றுவிடும். புது டிபிஎஃப் மாற்றும் செலவுக்கு முன்னால் ஆயிலில் மிச்சம் பிடித்த காசு ஒன்றுமே இல்லை.

டிபிஎஃப் இல்லாத பழைய டீசல் கார்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அந்த இன்ஜின்களில் பலவற்றுக்கு 15டபிள்யூ-40 ஆயிலையே மேனுவல் அனுமதிக்கிறது. லாரிக்காரர் சொல்வது அவருடைய வண்டிக்குச் சரிதான்.

டர்போ உள்ள நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களுக்கு வேறொரு தொல்லை. குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். ஓங்கி அடித்த மாதிரி அதிரும். பிஸ்டனே உடையலாம். ஆயிலில் கால்சியம் அதிகமாக இருந்தால் இந்த வாய்ப்பும் அதிகம். 2020-ல் வந்த ஏபிஐ 'எஸ்பி' தரம் இதைத் தடுக்கவென்றே சோதிக்கப்படுகிறது. இந்த வகை காரில் லாரி ஆயிலோ, எஸ்எல், எஸ்எம் போன்ற பழைய தர ஆயிலோ ஊற்ற நேர்ந்தால், மெதுவாக ஓட்டிப் போய் சீக்கிரமாக ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

பைக் ஆயிலை காருக்கு ஊற்றலாமா?

அவசரத்துக்கு அரை லிட்டர் ஊற்றலாம். மறுபக்கம்தான் கவனம் வேண்டும். மிச்சமிருக்கும் கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். கார் ஆயிலில் வழவழப்புக்காகச் சேர்க்கும் பொருள் கிளட்சை வழுக்க வைத்துவிடும். பைக் கேனில் 'ஜேசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்க வேண்டும்.

கியர் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், டூ ஸ்ட்ரோக் ஆயில், பிரேக் ஆயில் எதுவும் கார் இன்ஜினுக்குள் போகவே கூடாது. வடித்து வைத்த பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஊற்றிய பிறகு என்ன செய்வது?

என்ன ஆயில், எவ்வளவு, எத்தனையாவது கிலோமீட்டரில் ஊற்றினீர்கள் என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேனின் பின்பக்கமும் சேர்த்து. அடுத்த சர்வீஸ் தூரத்தில் இருந்தால், அதுவரை காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் முன்கூட்டியே மாற்றலாம். வாரண்டி உள்ள கார் என்றால் சர்வீஸ் சென்டரில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆயில் ஏன் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி அரை லிட்டர் கேட்டால், கசிவு இருக்கிறது அல்லது இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம்.

டிபிஎஃப் உள்ள டீசல் கார்களில் தலைகீழாகவும் நடக்கும். யாரும் ஊற்றாமலேயே ஆயில் அளவு ஏறும். வீட்டிலிருந்து கடைவீதி, கடைவீதியிலிருந்து வீடு என்று குறைந்த தூரமே ஓடும் வண்டியில், வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் பாதியில் நின்றுபோய் ஆயிலில் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேக்ஸிமத்தைத் தாண்டி, டீசல் வாசம் அடித்தால் அது டாப்-அப் விஷயமே இல்லை. உடனே ஆயில் மாற்ற வேண்டும்.

அடுத்த முறை சர்வீஸ் விடும்போது அதே ஆயிலில் ஒரு லிட்டர் கேன் ஒன்றைக் கூடுதலாக வாங்கி டிக்கியில் போட்டு வைத்தால், ராத்திரியில் பட்டறை தேடும் வேலை மிச்சம். காலி கேனைத் தூக்கிப் போடும் முன் ஒரு ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். அசல் கேனில் போலி ஆயிலை நிரப்பி விற்பவர்களுக்கு உங்கள் கேன் உதவாது.