மர்ம வீடியோ பார்க்கும் பிள்ளைகள்: துப்பறிகிறார்களா, பழி போடுகிறார்களா?

ராத்திரி 12 மணி. வீடே தூங்குகிறது. பத்தாம் வகுப்புப் பையன் மட்டும் போர்வைக்குள் செல்போனுடன் முழித்துக் கிடக்கிறான். காதில் இயர்போன். திரையில் ஒரு கொலை வழக்கு. "கொலைகாரன் யார்? கமெண்டில் சொல்லுங்கள்!" என்கிறது ஒரு குரல். பையனும் ஒரு பெயரைத் தட்டி அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறான்.

இன்று பல வீடுகளில் இதுதான் கதை. "கெட்ட படமா பாக்குறான்? போலீஸ் கதைதானே, பாத்துட்டுப் போறான்" என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள்.

இந்த வீடியோக்கள் பிள்ளைகளுக்கு ஏற்றவைதானா? அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டால் பதில் தானாக விளங்கும்.

லிப்டுக்குள் மாணவி

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்தது செசில் ஓட்டல். 2013-ம் ஆண்டு ஜனவரி கடைசியில் அங்கே தங்கியிருந்த கனடா நாட்டு மாணவி ஒருவர் திடீரென்று மாயமானார். வயது 21.

துப்புக் கிடைக்காத போலீசார், பிப்ரவரி மாதம் ஓட்டல் லிப்டில் பதிவான கேமரா காட்சியை வெளியிட்டனர். சுமார் 4 நிமிடம் ஓடும் காட்சி அது. மாணவி லிப்டுக்குள் வருகிறார். பல பட்டன்களை அழுத்துகிறார். வெளியே எட்டிப் பார்க்கிறார். மூலையில் ஒதுங்குகிறார். காற்றில் கைகளை ஆட்டுகிறார். கதவோ மூடவே இல்லை!

வீடியோ காட்டுத்தீ போலப் பரவியது. "யாரோ துரத்துகிறார்கள்" என்றனர் சிலர். "பேய்" என்றனர் சிலர். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் வீட்டில் உட்கார்ந்தபடியே துப்பறியத் தொடங்கினர்.

பிப்ரவரி 19-ந் தேதி ஓட்டல் மொட்டை மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் மாணவி பிணமாகக் கிடந்தார். குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று தங்கியிருந்தவர்கள் புகார் செய்ததால், பார்க்கப் போன ஊழியர் கண்டுபிடித்தார்.

அப்பாவி தலையில் பழி

தொட்டி மூடியிருந்ததாக ஒரு தகவல் பரவியது. "உள்ளே விழுந்தவள் மூடியை எப்படி மூட முடியும்? இது கொலைதான்!" என்று முடிவே கட்டிவிட்டார்கள். கொலை என்றால் கொலைகாரன் வேண்டுமே!

மெக்சிகோ நாட்டு இசைக் கலைஞர் ஒருவர் அகப்பட்டார். சாவு, ரத்தம் என்று பயங்கரமாகப் பாடுகிறவர். அந்த ஓட்டலில் தங்கி வீடியோ எடுத்துப் போட்டிருந்தார். போதாதா? "இவன்தான்!" என்று பட்டம் கட்டினார்கள்.

அவர் தங்கியது ஒரு வருஷத்துக்கு முன்பு, 2012-ல். மாணவி மாயமான நேரத்தில் அவர் மெக்சிகோவில் இருந்தார். இதை யாரும் காதில் வாங்கவில்லை. கொலை மிரட்டல்கள் குவிந்தன. மனம் உடைந்து தற்கொலைக்கு முயன்று, ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தார்.

2013 ஜூன் மாதம் பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. கொலை அல்ல, தவறி நீரில் மூழ்கிய சாவு. மாணவிக்கு இருந்த மனநோயும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் எழுதினார்கள். பிணத்தைக் கண்டுபிடித்த ஊழியரோ, தொட்டி மூடி திறந்தே கிடந்ததாகக் கோர்ட்டு வழக்கில் சாட்சியம் அளித்தார்.

அவ்வளவுதான் மர்மம்! 2021-ல் நெட்பிளிக்சில் வந்த ஆவணத் தொடர் இதையெல்லாம் விளக்கியது. ஆனால் விடை தெரிந்த பிறகும், "விடை தெரியாத மர்மம்" என்ற தலைப்பில் பழைய வீடியோக்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவது அவைதான்.

நம்ம ஊரிலும்...

இது ஏதோ அமெரிக்க சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பிளஸ்-2 மாணவி ஒருவர் இறந்தார். விசாரணை முடிவதற்குள் செல்போனில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். 17-ந் தேதி கலவரம் வெடித்து, பள்ளி பஸ்கள் எரிந்தன. கைதானவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருந்தனர். சமூக வலைத்தளத்தில் தனி விசாரணை நடத்துகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவர், சிறுமியரின் பெயர், பள்ளிக்கூடம், போட்டோ எதையும் வெளியிடக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு இது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா ஷேர் பண்ணேன் சார்" என்று கையைப் பிசைந்தால் தப்ப முடியாது.

எதைப் பார்க்கலாம்?

அதற்காக எல்லாவற்றையும் தடை போட வேண்டுமா? வேண்டாம். கைரேகை எப்படி ஒப்பிடுகிறார்கள், பிரேதப் பரிசோதனையில் என்ன தெரியும், சாட்சி சொன்னதை எப்படிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள் என்று சொல்லும் வீடியோ நல்ல பாடம். பிளஸ்-2 பையனுக்கு வக்கீலாகவோ தடய அறிவியல் நிபுணராகவோ ஆசை வந்தாலும் நல்லதுதானே!

தரம் பிரிக்க மூன்று கேள்விகள் போதும்.

வழக்கு முடிந்ததா? கோர்ட்டுத் தீர்ப்பு வரை சொன்னால் பார்க்கலாம். பாதியில் நிறுத்தி "நீங்களே சொல்லுங்கள்" என்றால் உஷார்!

எங்கிருந்து கிடைத்த தகவல்? எப்.ஐ.ஆர்., தீர்ப்பு நகல், டாக்டர் அறிக்கை என்று சொல்கிறார்களா? "கேள்விப்பட்டோம்" என்கிறார்களா?

இறந்தவரை மனுஷராக நடத்துகிறார்களா? பிணத்தைப் பெரிதாக்கிக் காட்டி, திகில் மியூசிக் போட்டால் அணைத்துவிடலாம். யூடியூப் 18 வயதுக் கட்டுப்பாடு போட்ட வீடியோ என்றால் பேச்சே இல்லை. அப்பாவின் கணக்கில் திறந்து பார்க்கிறானா என்று கவனிக்க வேண்டும்.

13 வயதுப் பிள்ளை பயந்துபோய்த் தூங்காமல் கிடந்தால், எவ்வளவு நல்ல வீடியோவானாலும் அது அந்த வயதுக்கு ஆகாது. 17 வயதுப் பிள்ளையிடம் போனைப் பிடுங்குவதால் பயன் இல்லை. கூட உட்கார்ந்து பார்த்து, "இது உனக்கு எப்படிடா தெரியும்? ஆதாரம் என்ன?" என்று கேட்டால் போதும்.

பார்ப்பது தப்பில்லை. பெயர் சொல்வதுதான் தப்பு. பெயரைத் தட்டிய பையன் காலையில் மறந்துவிட்டு ஸ்கூலுக்குப் போய்விடுவான். பெயருக்குச் சொந்தக்காரர்தான் வெளியே தலைகாட்ட முடியாமல் தவிப்பார்.