அச்சு இயந்திரத்துக்கு ஓய்வு எப்போது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் லிட்டில் இந்தியாக் கடை ஒன்று 50,000 விளம்பரத் தாள்கள் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி அச்சில் வெளிறிய கோடு விழுகிறது. உருளையைக் கழற்றினால் ஒரு நாள் போய்விடும். கழற்றாவிட்டால் தாள் குப்பைக்கு. அந்தக் கோட்டுக்கான காரணமோ பல வாரங்களாகவே உருளையில் சேர்ந்துகொண்டிருந்தது.

ஆஃப்செட் முறையில் எண்ணெய்த்தன்மை கொண்ட மையும் நீரும் ஒன்றையொன்று விலக்குவதால்தான் படம் விழுகிறது. அந்த நீர் லேசான அமிலம். பிஎச் அளவு பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. பளபளப்பான தாளின் மேற்பூச்சில் கால்சியம் கார்பனேட் உண்டு. சுண்ணாம்புக் கல்லில் இருப்பதும் அதுதான். அமில நீர் அதைக் கரைக்க, கால்சியம் மெல்லிய படலமாக மை உருளைகளில் படிகிறது. படிந்த இடம் நீரை ஏற்கும், மையைத் தள்ளும். மை கழுவும் வழக்கமான கரைப்பானுக்கு இது அசையாது. கால்சியத்தை அகற்றும் தனிக் கரைசல் வேண்டும். உருளையின் ரப்பரும் நாளடைவில் இறுகும். புதிதில் ஷோர் அளவியில் 30 காட்டியது 40ஐத் தாண்டினால் மாற்றத் தயாராகுங்கள்.

இதற்கெல்லாம் நாள்காட்டி மட்டும் போதாது. மணிக்கு 15,000 தாள் ஓடும் இயந்திரம் எட்டு மணி நேர ஷிப்டில் 120,000 தாள்களை அச்சிடும். ஒரு ஷிப்ட் ஓட்டும் அச்சகமும் மூன்று ஷிப்ட் ஓட்டும் அச்சகமும் ‘மாதம் ஒருமுறை’ என்று எழுதிக்கொள்வதில் அர்த்தமில்லை. கார் சர்வீஸுக்குக் கிலோமீட்டர் பார்ப்பதுபோல் அச்சு எண்ணியைப் பாருங்கள்.

நாள் கணக்கு தேவைப்படும் வேலைகளும் உண்டு. இயந்திரம் நின்றாலும் சிங்கப்பூரின் ஈரம் நிற்காது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். அச்சுக்கூடத்துக்கு ஏற்றது 50 முதல் 55 வரைதான். ஆகவே குளிர்சாதன வடிகட்டியைச் சுத்தம் செய்வதும் அச்சு இயந்திரப் பராமரிப்பே. கம்ப்ரசர் ஈரக் காற்றை அழுத்தும்போது நீர் பிரிந்து தொட்டியில் தேங்கும். தினமும் வடிக்காவிட்டால் வால்வுகள் துருப்பிடிக்கும். இரண்டு நிமிட வேலை. அதனாலேயே எல்லாரும் மறக்கும் வேலை.

பெரிய வேலைகளை எங்கே நுழைப்பது? 1935ல் தொடங்கிய தமிழ் முரசு போன்ற காலை நாளிதழ்கள் இரவில் அச்சாகின்றன. பராமரிப்புக்குப் பகல் கிடைக்கும். வணிக அச்சகத்துக்கு அந்த வசதி இல்லை. தீபாவளி, ஆண்டிறுதி நாள்காட்டி, சீனப் புத்தாண்டு அங்பாவ் உறை என வேலை சங்கிலியாக வரும். சீனப் புத்தாண்டு முடிந்ததும் உருளை மாற்றத்தை வைத்துக்கொள்ளலாம். கால்சியம் கழுவலையும் உருளை அழுத்தச் சோதனையையும் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே முடிப்பது நல்லது. உருளை இறுகியிருப்பது அப்போது தெரிந்தால், புது ரப்பர் போர்த்திவரக் கொடுப்பதற்கு நாள் இருக்கும்.