மலைப்பாதையும் மோட்டாரின் மின்கோளாறும்



கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் ஏ4 நெடுஞ்சாலையில் பெரகலச் சந்தி அமைந்துள்ளது. அங்கிருந்து ஒரு பாதை கொஸ்லந்தை, வெல்லவாயப் பக்கம் இறங்குகின்றது. ஏ16 என்னும் மற்றொன்று ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலயைச் சென்றடைகின்றது. வளைவும் செங்குத்தும் மூடுபனியும் நிறைந்த இப்பாதையில், தோட்டத்திலிருந்து இரவில் நோயாளியை ஏற்றிவரும் காரின் விளக்கு அணைந்தாலோ, என்ஜின் நின்றாலோ நேரும் இன்னலைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் மின்கோளாற்றை முறையாகக் கண்டறியும் வழியை அறிந்திருத்தல் நன்று.

காரின் மின்னமைப்பில் முதன்மையான உறுப்புகள் மூன்று. மின்னாற்றலைச் சேமித்து வைப்பது பற்றரி. என்ஜினைச் சுழற்றி எழுப்புவது ஸ்டார்ட்டர். வண்டி ஓடுகையில் பற்றரிக்கு மின்னூட்டுவது, முன்னாளில் டைனமோ, இந்நாளில் ஆல்டர்னேட்டர். மின்சாரம் கம்பி வழியே சென்று, வண்டியின் உலோக உடல் வழியே பற்றரிக்கு மீளுகின்றது. இவ்வட்டம் எங்கே அறுந்தாலும் வேலை நின்றுவிடும்.

சாவியைத் திருப்பியும் என்ஜின் எழவில்லையா? தலைவிளக்கை ஏற்றி வைத்து மீண்டும் திருப்புக. விளக்கு மங்கி அணையுமாயின், பற்றரி வலுவிழந்தது, அல்லது அதன் முனைகள் தளர்ந்தன என்று கொள்ளலாம். விளக்கு சற்றும் மங்காது ஒளிர, ஸ்டார்ட்டர் மட்டும் அசையாதிருப்பின், குறை பெரும்பாலும் ஸ்டார்ட்டரிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ உள்ளது. ஓய்ந்திருக்கும் நல்ல 12 வோல்ட் பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது 14 வோல்ட்டை ஒட்டி உயரும். உயராவிடின் ஆல்டர்னேட்டரையும் அதன் பட்டியையும் பார்த்தல் வேண்டும்.

பற்றரி முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ பூத்திருக்கும் படிவு மின்னோட்டத்தைத் தடுக்கும். அதனை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடைக்கலாம். முனைகளைக் கழற்றும்போது உடலோடு இணைந்த கம்பியை முதலிலும், பூட்டும்போது அதனையே இறுதியிலும் கையாளுக. பற்றரியினின்று ஐதரசன் வாயு வெளிப்படக்கூடும். ஆகவே அருகில் தீக்குச்சி கூடாது.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிடின் பல்பைப் பார்க்க. பல உறுப்புகள் ஒருங்கே நின்றால் பியூஸைப் பார்க்க. ஒரு பக்கத் தலைவிளக்கு மட்டும் மங்குவது, உடலோடு சேரும் இணைப்பு துருவேறியதன் அறிகுறியாகலாம். பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் அளவுள்ளதையே இடுக. பெரிய பியூஸோ, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளோ இட்டால், பியூஸுக்குப் பதிலாகக் கம்பியே எரியும். வண்டி தீப்பற்றவும் கூடும்.

இறுதியாக, மலைவாழ் நேயர்கள் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. என்ஜின் நின்ற வண்டியை இறக்கத்தில் உருளவிட்டு எழுப்ப முயலாதீர்கள். பிரேக்குக்கு என்ஜின் தரும் துணை விரைவில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கடினமாகும். வண்டியை ஓரங்கட்டிக் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்த பின்னரே சோதனையைத் தொடங்குக. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடுதல் உயிருக்கே ஆபத்து. அவற்றைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடுக.

மருத்துவர் நோயை அறிந்த பின்னரே மருந்து தருவார். உறுப்புகளை மாற்றிப் பணத்தை இழக்குமுன், மின்சாரம் எவ்விடத்தில் நின்றதென அறிந்துகொள்வதே அறிவுடைமை.