சுவர் எங்கே நிற்கிறது?

ஜெர்மனியிலிருந்து அமெரிக்கக் கல்லூரி விடுதிக்கு வந்து சேரும் மாணவருக்கு முதல் வாரம் திருவிழாதான். முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அறைக் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. பேராசிரியரே சிரித்தபடி நலம் விசாரிக்கிறார். பதில் வருவதற்குள் நடந்துபோய்விடுகிறார். ஊரில் தனி அறையும் சாத்திய கதவுமாக இருந்து பழகியவர், இங்கே யாரென்றே தெரியாத ஒருவரோடு ஒரே அறையில் தூங்குகிறார். சில மாதங்கள் போனதும் சந்தேகம் தலைகாட்டுகிறது. இத்தனை பேரில் மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லையே, எல்லாம் நடிப்புதானா?

இதே கேள்வியை 1936இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிவிட்டார் குர்ட் லெவின். பெர்லின் உளவியல் நிறுவனத்தில் இருந்தவர். நிறுவனம் இயங்கியது மன்னர்களின் பழைய அரண்மனையில். லெவினும் மாணவர்களும் மணிக்கணக்காக விவாதித்ததோ பக்கத்துக் காப்பிக் கடையில். 1932இல் லெவின் வருகைப் பேராசிரியராக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததும், யூதரான அவர் அமெரிக்காவிலேயே குடியேறினார். முதலில் கார்னெல், பிறகு ஐயோவா.

அவர் வரைந்த படம் எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சில வட்டங்கள். வெளி வட்டம், யாரிடமும் பேசக்கூடிய விஷயங்கள். நடு வட்டம், நெருங்கியவருக்கு மட்டுமான அந்தரங்கம். இரு நாட்டினருக்கும் வட்டங்கள் ஒரே எண்ணிக்கைதான். வித்தியாசம், தடித்த சுவர் எங்கே நிற்கிறது என்பதில். ஜெர்மானியரிடம் அது வெளி வட்டத்தை ஒட்டியே நிற்கிறது. அதைத் தாண்டுவது பெரும்பாடு. தாண்டிவிட்டால் உள்ளே வெகுதூரம் போகலாம். அமெரிக்கரிடம் பல வட்டங்கள் திறந்தே கிடக்கும். சுவர் நடு வட்டத்துக்குப் பக்கத்தில். அங்கே அமெரிக்கர்கள் சட்டென்று நெருங்குகிறார்கள், பலரோடும் நெருங்குகிறார்கள், ஆனால் ஓர் இடத்தில் அந்த நெருக்கம் நின்றுவிடுகிறது; ஆண்டுக்கணக்கில் பழகியவர்கூடச் சில வாரம் பழகியவரைப் போல எளிதாக விடைபெற்றுப் போவார் என்று லெவின் கவனித்தார். பிற்காலத்து மேலாண்மைப் பயிற்சியாளர்கள் அமெரிக்கரைப் பீச் பழம், ஜெர்மானியரைத் தேங்காய் என்று இரண்டு காய்கனிகளில் அடக்கிவிட்டார்கள். பீச் பழத்தைப் பார்க்காத நமக்கு மாம்பழமே போதும்: மேலே மென்மை, நடுவில் கொட்டை.

ஆக, அந்தச் சிரிப்பு பொய்யில்லை. வெளி வட்டத்தில் அது முழு உண்மை. அதை உள்வட்டத்துக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டது வந்தவரின் கணக்கு. கதவு விஷயமும் இப்படித்தான். 1966இல் வெளிவந்த தம் நூலில் மானுடவியலாளர் எட்வர்ட் ஹால், திறந்த கதவு ஜெர்மானியருக்கு ஒழுங்கின்மையாகவும், சாத்திய கதவு அமெரிக்கருக்கு ஒதுக்கிவைப்பதாகவும் தோன்றுவதை விரிவாக எழுதியிருக்கிறார்.

லெவின் எழுதியதில் பெரும்பகுதி கூர்ந்த கவனிப்புதான், கணக்கெடுப்பு இல்லை. சுவர் ஏன் இடம் மாறுகிறது என்பதற்கு 2015இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு துப்பு கிடைக்கிறது. கடந்த 500 ஆண்டுகளில் பல திசைகளிலிருந்து மக்கள் வந்து குடியேறிய நாடுகளில், உணர்ச்சியை முகத்தில் வெளிப்படையாகக் காட்டும் வழக்கம் அதிகம் என்று மக்தலேனா ரிக்லோவ்ஸ்காவும் உடன் ஆய்வாளர்களும் கண்டார்கள். பொது மொழியும் பொது வழக்கமும் இல்லாத இடத்தில் முகம்தானே பேச வேண்டும்? விடுதிக்கும் இது பொருந்தும் என்பது என் ஊகம். ஒரே நாளில் எல்லோரும் அந்நியர்களாக வந்து இறங்கும் இடம் அது. 1636இல் ஹார்வர்டு தொடங்கியபோதே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைப் பார்த்து, மாணவர் ஒன்றாகத் தங்கி, உண்டு, படிக்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகமோ பாடம் நடத்துவதோடு சரி. மாணவர் எங்கே தூங்குகிறார் என்பது அதன் கவலை இல்லை.

1955இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்கள் 200 பேரை விசாரித்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் திண்டாடியவர்கள். முதலில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, மீண்டும் உயரும் இந்த வளைவைப் பின்னால் வந்த ஆய்வுகளில் பல உறுதிசெய்யவில்லை. இருந்தாலும் லெவினின் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. பரிமாற்றப் படிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு பருவம்தான். அமெரிக்கா போகும் ஜெர்மானியருக்கு இனிப்பான பகுதி தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. பாதியில் சுவரில் முட்டிக்கொண்ட நினைவோடு ஊர் திரும்புகிறார். ஜெர்மனி போகும் அமெரிக்கரோ மாதக்கணக்கில் சுவருக்கு வெளியே நின்று, ஒருவழியாக ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்கப்படும்போது, விமானச் சீட்டில் குறித்த தேதி வந்துவிடுகிறது.