கையும் வீடும் காட்டிய இரகசியம்

"கநீ கவா!" என்றால் "நீ வா". எழுத்துக்கு எழுத்து முன்னால் ஒரு 'க' சேர்த்தால் க-பாஷை. பெரியவர்களுக்குப் புரியாமல் பேசுவதில் நமக்கு எத்தனை ஆசை!

பெரியவர்களுக்கும் அந்த ஆசை உண்டு, தம்பி தங்கைகளே. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்கிறது 13ஆம் நூற்றாண்டு நன்னூல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களாம். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்களாம்.

நெதர்லாந்தில் ஊர் ஊராகச் சுற்றிய சில்லறை வியாபாரிகளும் திருடர்களும் பேசியதற்குப் பெயர் 'பார்கூன்ஸ்'. இலக்கணம் டச்சுதான், முக்கியமான சொற்களை மட்டும் மாற்றிவிடுவார்கள். அங்கே வாழ்ந்த யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து நிறையச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இத்திஷில் எபிரேயச் சொற்களும் கலந்திருக்கும். எபிரேயத்தில் கைக்கு 'யாத்' என்று பெயர். அதிலிருந்து பிறந்த 'யத்தன்' என்றால் திருடுவது. நாமும் "கைவரிசை காட்டிவிட்டான்" என்கிறோமே! வீட்டைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த 'பாயெஸ்' என்றால் சிறை. நம் ஊரிலோ சிறைக்கு 'மாமியார் வீடு' என்று பெயர். இத்தனை கடல் தாண்டியும் மனிதர்களுக்கு ஒரே மாதிரி தோன்றியிருப்பது எனக்குத் தீராத வியப்பு.

இன்று இந்தச் சொற்கள் டச்சுக்காரர்களின் சாதாரணப் பேச்சிலேயே கலந்துவிட்டன. ஊருக்கே தெரிந்தபின் ஏது இரகசியம்? வேறு சொல் தேட வேண்டியதுதான்.

ஆனால், புரியாத பேச்செல்லாம் திருட்டுப் பேச்சு ஆகிவிடாது. மைசூரு மாவட்டம் ஹுன்சூர் வட்டத்தில் பட்சிராஜபுரம் என்றோர் ஊர். அங்கே ஹக்கிபிக்கி மக்கள் வாழ்கிறார்கள். கன்னடத்தில் 'ஹக்கி' என்றால் பறவை. பறவை பிடிப்பது அவர்களுடைய பழைய தொழில். வீட்டில் அவர்கள் பேசும் வாக்ரி, நம் நரிக்குறவர்களின் மொழியைப் போலவே குஜராத்திக்கு உறவு. அது இலக்கணமும் கதையும் தாலாட்டும் உள்ள முழு மொழி. ஊர் சுற்றி வாழ்ந்தவர்களைச் சந்தேகித்த ஆங்கிலேய அரசு, 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது; பல சமூகங்களைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. எவ்வளவு பெரிய அநியாயம்! நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது 1952-இல்தான்.

மைசூரிலிருந்து ஹுன்சூர் போகும் சாலையிலேயே இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய நிறுவனம் அது. பழங்குடி மக்களின் மொழிகளையும் அங்கே ஆராய்கிறார்கள்.

நீங்களும் தொடங்கலாம். உங்கள் ஊரில் பாசிமணி விற்க வரும் அக்காவிடம், "தண்ணீரை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள்.