சாக்கடைக் குழாய்க்குள் எப்போது கேமரா விட வேண்டும்?

கிச்சன் சிங்க் மட்டும் அடைத்தால் கேமரா வேண்டாம். கீழே இருக்கும் ட்ராப்பைக் கழற்றிக் கழுவினால் போதும். வாஷிங் மெஷின் தண்ணீரை விடும்போது தரைத்தளப் பாத்ரூமில் பொங்கி மேலே வருகிறதா? அப்போ சிக்கல் மெயின் லைனில். அங்கே அடைத்தால் வீட்டில் இருப்பதிலேயே தாழ்வான வாய் வழியாகத்தான் தண்ணீர் எதிர்த்து வரும்.

அடுத்து சேம்பர் மூடியைத் திறந்து பாருங்க. தண்ணீர் தேங்கி நின்றால் அடைப்பு தெருப் பக்கம். காய்ந்து கிடந்தால் வீட்டுப் பக்கம். "ஆள் இறங்கிப் பார்த்துடலாம் சார்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிடுங்க. உள்ளே விஷவாயு இருக்கலாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; இறக்கச் சொன்னவருக்கும் சிறை உண்டு.

ஒரு தடவை அடைத்தால் கம்பி விட்டு எடுத்துவிடலாம். அதே இடம் மூணு மாசத்தில் மறுபடி அடைத்தால்? கம்பி விடுவது சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி. ஓடும், ஏன் நின்றது என்று தெரியாது. பழைய வீடுகளில் ஸ்டோன்வேர் குழாய்களைச் சிமெண்ட் வைத்து இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பில் மெல்லிய விரிசல் விழுந்தால்கூட மரவேர் ஈரம் தேடி நுழைந்துவிடும். வெட்டினால் திரும்ப வளரும். மண் இறங்கித் தொய்ந்த குழாயிலும் அடைப்பு திரும்பத் திரும்ப வரும், பள்ளத்தில் கசடு சேருவதால். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது என்று கேமராதான் காட்டும்.

முதலில் அடைப்பை எடுத்த பிறகே கேமராவை விடச் சொல்லுங்க. கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியாது. கேமராத் தலை சிக்னல் அனுப்புமா என்றும் கேளுங்க. அனுப்பினால் தரைக்கு மேலிருந்தே ரிசீவரால் இடத்தைக் குறித்து, அங்கே மட்டும் உடைக்கலாம்.